மூங்கில் குன்றுக்கு விமானம் இல்லை

மதுரை காஜிமார் தெரு அப்துல் வஹீதின் இரண்டாவது மகன் நாகூர் கனி பட்டாளத்துக்குப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டான். அத்தாவின் கைலிக் கடையைப் பார்த்துக்கொள்ள அண்ணன் ஜலால் ஒருவனே போதும். ரயில்வேயில் தந்தி வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, மேலமாசி வீதியில் ஒரு மாடியில் நடந்த தந்தி வகுப்பில் சேர்ந்தான். படித்து முடித்தபோது ரயில்வேயில் ஆள் எடுக்கவில்லை. பட்டாளத்தில்தான் எடுத்தார்கள். 1942இல் தமுக்கம் மைதானத்தில் ஆள் சேர்க்க வந்த சுபேதார், "தந்தி அடிக்கத் தெரிஞ்சவன் எவனாச்சும் உண்டா?" என்று கேட்டபோது கனி கையைத் தூக்கினான்.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவன் சிவனாண்டி. பேரையூருக்கு மேற்கே ஒரு காலனிக்காரன். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம், பருத்திக் காட்டில் கூலி வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தான். இரண்டு வருசமாக மழை இல்லாமல் போகவே, ஊரிலிருந்து நடந்தே மதுரைக்கு வந்துவிட்டான். அவனுக்குத் தந்தி தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்பதால் அவனையும் ஒயர்லெஸ் பிரிவுக்கே எடுத்துக்கொண்டார்கள்.

ஜபல்பூரில் பயிற்சி. முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் தட்டை வாங்கிய சிவனாண்டி, எல்லாரையும் விட்டுத் தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் குந்தினான்.

"எங்கிட்டுப் போற? இங்க வந்து உக்காரு" என்றான் கனி.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. எனக்கு இதுதான் தோது."

கனி தன் தட்டை எடுத்துக்கொண்டு அதே மரத்தடிக்குப் போனான். "அண்ணனும் வேணாம் ஒண்ணும் வேணாம். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. மாப்ளன்னு கூப்பிடு, போதும்."

அன்றிலிருந்து இருவருக்கும் மாப்ளதான். தந்தியின் புள்ளியையும் கோட்டையும் கனி அவனுக்குத் தரையில் தட்டித் தட்டிக் காட்டினான். சிவனாண்டி சீக்கிரமே பிடித்துக்கொண்டான். ஒயர்லெஸ் அடிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: குரலைப் போலத்தான் கையும். இன்னார் அடிக்கிறார் என்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடலாம். சிவனாண்டி கோடு இழுக்கும்போது ஒரு இழை கூடுதலாக இழுப்பான். கையை எடுக்க மனசில்லாதவன் மாதிரி இருக்கும். கனியின் கை வேகமானது, எழுத்துக்கு நடுவே இடைவெளி விடாது. "நீ தந்தி அடிக்கல மாப்ள, கடல வறுக்குற" என்று சிவனாண்டி கேலி செய்வான்.

கிழக்கே அனுப்புவதற்கு முன்னால் லீவு விட்டார்கள். அந்த லீவில்தான் சிவனாண்டிக்கும் தங்கப்பொண்ணுக்கும் கல்யாணம் ஆனது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு காஜிமார் தெருவுக்கும் வந்தான். கனியின் அம்மா மைதீன் பீவி இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து நெய்ச்சோறு போட்டாள். தங்கப்பொண்ணு சோற்றைத் தொடாமல் புருசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட்டாள்.

1944 மார்ச் கடைசியில் ஜப்பான்காரன் இம்பால் சமவெளியைச் சுற்றி வளைத்தான். வெளியே போகும் ரோடு அடைபட்டது. அரிசி, பெட்ரோல், மருந்து எல்லாம் டக்கோட்டா சரக்கு விமானத்தில்தான் வந்து இறங்கியது. சுற்றியிருந்த குன்றுகளில் நம் பட்டாளம் சிறு சிறு கூட்டமாகக் குழி வெட்டி உட்கார்ந்திருந்தது. சிவனாண்டியை அதில் வடக்கே ஒரு குன்றுக்கு அனுப்பினார்கள். அதற்கு வரைபடத்தில் ஒரு நம்பர்தான். மூங்கில் அடர்ந்திருந்ததால் ஆட்கள் மூங்கில் குன்று என்றார்கள். கனியைச் சமவெளியிலேயே வைத்துக்கொண்டார்கள், விமானத்துக்கு உத்தரவு போகிற அறையில்.

அந்த அறை மண்ணுக்குள் தோண்டியது. மேலே மூங்கிலும் மண் மூட்டையும். நடுவில் ஒரு மேஜை, மேஜை நிறைய வரைபடம். ஒரு பக்கம் தரைப்படை மேஜர், எதிர்ப்பக்கம் விமானப்படை அதிகாரி. இருவரும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் இருவருக்கும் மேலதிகாரி வேறு வேறு. சுவரோரம் கனியைப் போன்ற ஆபரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் குன்றில் எதிரி நெருக்கினாலும் அங்கேயிருக்கிற ஆபரேட்டர் இந்த அறைக்கு நேரே அடிப்பான்: இந்த இடத்தில் குண்டு போட விமானம் வேண்டும். கனி அதை எழுதி மேஜைக்குக் கொடுப்பான். மேஜையில் பேசி முடிப்பார்கள். பதில் இரண்டே வகை. ஏற்கப்பட்டது. ஏற்கப்படவில்லை. அதைத் திருப்பி அடிப்பதும் கனியின் வேலை.

குன்றில் உட்கார்ந்திருக்கும் எந்த அதிகாரியும் விமானத்துக்கு உத்தரவு போட முடியாது. கேட்கத்தான் முடியும். அங்கே கர்னலே இருந்தாலும் அதுதான். இந்த ஏற்பாடு கனிக்கு முதலில் விசித்திரமாகத் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. மூங்கில் குன்றிலிருந்து கேட்கத் தொடங்கும் வரைக்கும்.

ஏப்ரலில் ஒரு காலை, ஹெட்போனில் அந்த இழுவை வந்தது. கனி பென்சிலை எடுப்பதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. வடக்குச் சரிவில் எதிரி பீரங்கி ஏற்றுகிறான், விமானம் வேண்டும். கனி எழுதி, ஓட்டமாகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். மேஜர் வரைபடத்தைப் பார்த்தார், விமானப்படை அதிகாரியிடம் ஏதோ சொன்னார். காகிதத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கனி அடித்தான்: ஏற்கப்படவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து, கிடைத்தது என்பதற்கான குறி மட்டும் வந்தது. சொந்தப் பேச்சு பேசினால் தண்டனை. ஆனாலும் அந்தக் குறியின் கடைசிக் கோடு நீண்டிருந்த விதத்தில், அடிப்பது யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சிவனாண்டி சொன்னது கனிக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் மூங்கில் குன்று தினமும் கேட்டது. சில நாள் காலையிலும் மாலையிலும் கேட்டது. தண்ணீர் எடுக்கும் ஓடையை எதிரி பிடித்துவிட்டான், விமானம் வேண்டும். கிழக்குப் பக்கக் குழிகள் போய்விட்டன, விமானம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோடு. அதே வேளையில், தெற்கே ரோட்டுக் கணவாயிலிருந்து கேட்டால் உடனே கிடைத்தது. பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் கணவாய்க்கு "ஏற்கப்பட்டது" என்று அடிப்பான். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே விமானங்கள் இரைந்துகொண்டு தெற்கே போகும். கனி தலையைக் குனிந்துகொண்டு "ஏற்கப்படவில்லை" என்று வடக்கே அடிப்பான்.

விமானப்படைக்காரன்தான் கொடுக்க மாட்டேன் என்கிறான், நம் மேஜர் பாவம் கெஞ்சிப் பார்க்கிறார் என்று அவன் மனசில் விழுந்துவிட்டது. ஒரு நாள் மதியம், விமானப்படை அதிகாரி வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது கனி அவர் முன்னால் போய் சல்யூட் அடித்து நின்றான். ஒரு சிப்பாய் அப்படி நேரே போய் நிற்பது ஒழுங்கில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"சார், மூங்கில் குன்றுக்கு ரெண்டே ரெண்டு விமானம். ஒரே ஒரு தடவை போனாப் போதும், சார்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"அங்கே உன் ஆள் இருக்கானா?"

"என் நண்பன், சார். ஊர்க்காரன்."

"இன்னிக்கு எத்தனை குன்று கேட்டுச்சுன்னு உனக்கே தெரியும். எல்லாத்துக்கும் நீங்கதானே எழுதிக் கொடுக்கிறீங்க. குன்றுக்கு ரெண்டு விமானம்னு பங்கு வெச்சா ஒரு குன்றும் நிக்காது. எல்லாத்தையும் சேர்த்து ஒரு இடத்தில அடிச்சாத்தான் அடி. அதுக்காகத்தான் விமானம் எல்லாம் ஒருத்தர் கையில இருக்கு."

"அப்ப மூங்கில் குன்றுல அடிங்க, சார்."

"எந்த இடம் முதல்லன்னு சொல்றது நான் இல்லை" என்றார் அவர். "எது அவசரம்னு தரைப்படை சொல்லும். எப்படிப் போறது, போக முடியுமா முடியாதான்னு நான் சொல்வேன். அந்தச் சிவப்புப் பென்சில் யார் கையில இருக்கு, நீ பார்த்ததில்லையா?"

கனி பார்த்திருக்கிறான். பார்த்தும் அவன் மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. நேரே உள்ளே போய் மேஜர் முன்னால் நின்றான். மேஜர் நிமிர்ந்து பார்த்தார். எதைக் கேட்க வந்தான் என்று அவன் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"கணவாய் போனா எதிரி பீரங்கி விமானத் தளத்துக்கு எட்டும்" என்றார் மேஜர். "தளம் போனா அரிசி வராது. அரிசி வரலைன்னா இந்தச் சமவெளியில இருக்கிற அத்தனை பேரும் போச்சு. மூங்கில் குன்று போனா, மூங்கில் குன்று மட்டும்தான் போகும்."

சொல்லிவிட்டு அவர் வரைபடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தக் குன்றில் இருந்தது அவருடைய சொந்த ரெஜிமெண்ட் என்று பின்னால் கனிக்குத் தெரிய வந்தது.

அது நியாயம்தான். கனிக்கு அது புரிந்துவிட்டது. அதற்கு முன்னால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான். இப்போது யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டபோது, யா அல்லாஹ், அவன் விமானம் கேக்காம இருக்கணும் என்று வேண்டினான். உடனே, கேட்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. கேக்கணும், கேக்கணும் என்று மாற்றி வேண்டினான்.

மே மாதம். மழை மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. கணவாயில் எதிரி பின்வாங்கிவிட்டான் என்று அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. அறையில் பல நாளுக்குப் பிறகு யாரோ சிரித்தார்கள். அப்போது மூங்கில் குன்றிலிருந்து சத்தம் வந்தது. கை சிவனாண்டியுடையதுதான். ஆனால் எழுத்து தடுமாறியது.

குன்று போய்விட்டது. எதிரி உச்சியில் இருக்கிறான். உச்சியில் குண்டு போடவும்.

காகிதத்தைப் பார்த்த மேஜரும் விமானப்படை அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "விமானம் இருக்கு. மேகம் மூடுறதுக்குள்ள போகலாம்" என்றார் விமானப்படை அதிகாரி. "நம்ம ஆட்கள் எங்கே?"

கனி கேட்டான். பதில் வந்தது: உச்சிக்குச் சற்றுக் கீழே குழியில் இருக்கிறோம்.

"இறங்கி ஒதுங்கச் சொல்லு" என்றார் மேஜர்.

கனி அடித்தான். எதிர்ப்பக்கம்: முடியாது. காயம்பட்டவர்களைத் தூக்க ஆள் இல்லை. போடவும்.

"அவங்க அதிகாரி உயிரோட இருக்காரா, கேளு" என்றார் மேஜர். பதில்: இல்லை. அதையடுத்து, யாரும் கேட்காமலே மறுபடி ஒரு தடவை வந்தது: போடவும்.

மேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காகிதத்தை விமானப்படை அதிகாரி பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் டெலிபோனை எடுத்தார். மேஜர் காகிதத்தைக் கனியிடம் கொடுத்தார். அதில் சிவப்புக் கோடு இல்லை.

இத்தனை நாளாக அடிக்க முடியாதா என்று ஏங்கிய வார்த்தையைக் கனி அப்போதுதான் மூங்கில் குன்றுக்கு அடித்தான். ஏற்கப்பட்டது.

கிடைத்தது என்ற குறி வந்தது. விமானங்கள் தலைக்கு மேலே வடக்கே போயின. தூரத்தில் இடி மாதிரி கேட்டது. கனி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மூங்கில் குன்று, மூங்கில் குன்று. சாயங்காலம் வேறொரு ஆபரேட்டர் வந்து அவன் தோளைப் பிடித்து எழுப்பி விடும் வரைக்கும் கூப்பிட்டான். ஹெட்போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்தக் குன்றிலிருந்து சிலரைத் தூக்கி வந்தார்கள் என்று பின்னால் பேச்சு அடிபட்டது. யார் என்று தெரியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பெயர் சொன்னார்கள். போர் முடிந்து 1946இல் கனி மதுரைக்குத் திரும்பினான். வந்து சேர்ந்த வாரமே பேரையூருக்கு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் ஏறினான். பஸ் திணறித் திணறிப் போனது. அங்கேயிருந்து கரிசல் காட்டில் நடை.

வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு அவனை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"இருக்காரு அண்ணே" என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே. "காதுதான் சுத்தமாப் போச்சு. கத்துனாலும் கேக்காது. முதுகுலயும் தீக்காயம். காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டேங்குறாய்ங்க."

சிவனாண்டி குடிசைக்குப் பின்னால் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். கனி அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்து பேசத் தொடங்கினான். கணவாய், விமானத் தளம், அரிசி, மேஜரின் சிவப்புப் பென்சில் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த அத்தனையும் சொன்னான். சிவனாண்டி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை என்று கனிக்கு உறைத்தபோது, அவனுக்கு ஒரு வழி தோன்றியது. சிவனாண்டியின் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் தந்தி தட்டத் தொடங்கினான்.

சிவனாண்டி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான்.

"வேணாம்" என்றான். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரத்த குரல். "அந்தக் கையி வேணாம்."

கனி கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் நீதான அடிச்ச? உன் கையி எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் இல்ல, இல்லன்னு வரும். குழியில கெடந்த பயலுக என் மூஞ்சியப் பாப்பாய்ங்க. என்னப்பா சொல்றாய்ங்கன்னு கேப்பாய்ங்க. நான் 'வருதாம், கெளம்பிருச்சாம்'னு சொல்லுவேன். தெனமும் அதையே சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? அவய்ங்க வானத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தாய்ங்க. பாத்துக்கிட்டே செத்தாய்ங்க."

தங்கப்பொண்ணு இதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசில நெசமாவே வந்துச்சு" என்றான் சிவனாண்டி. கயிற்றை எடுத்து மறுபடியும் திரித்தான். தங்கப்பொண்ணு கொடுத்த மோரைக் கனி குடித்தான். பொழுது சாயும் முன்னே எழுந்து நடந்தான்.

பட்டாளத்திலிருந்து வந்தவன் என்பதால் ரயில்வே தந்தி ஆபீசில் கனிக்கு வேலை கொடுத்தார்கள். வீட்டில் சாதிகாவை நிக்காஹ் செய்து வைத்தார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நாள் ஆபீசில், எந்த வண்டிக்கோ எந்தச் சரக்குக்கோ, அனுமதி இல்லை என்று ஒரு செய்தி அடிக்க வேண்டியிருந்தது. கனியால் அடிக்க முடியவில்லை. தந்திக் கட்டைமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். திரும்பிப் போகவே இல்லை.

"சர்க்கார் வேலைய இப்புடியா விட்டுட்டு வருவாக?" என்று சாதிகா கோபப்பட்டாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க என்ன செஞ்சிருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்றாள்.

ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதுதான் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது. தப்பு செய்திருந்தால்கூட அதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருந்திருக்கும்.

அண்ணன் ஜலாலின் கடைச் சரக்கை எடுத்துக்கொண்டு திருவிழாத் திருவிழாவாகப் போய் விற்கத் தொடங்கினான். 1949 தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளக் கரையில் கைலி விரித்திருந்தான். கூட்டம் நெரித்தது. மதியம்போல அவன் முன்னால் ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் ஒரு பிள்ளை. பின்னால் தங்கப்பொண்ணு.

கனி எழுந்து நின்றான். சிவனாண்டி உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் வைத்தபடியே, அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டான்:

"அந்த ரோட்டுக் கணவாயிக்குத்தான் விமானமெல்லாம் போச்சாம்ல? ஆஸ்பத்திரில பட்டாளத்தான் ஒருத்தன் எழுதிக் காட்டுனான். அது நின்னுச்சா?"

கனி தலையசைத்தான். நின்றது.

"அங்கன இருந்தவய்ங்க பொழைச்சாய்ங்களா?"

பாதிப் பேர் என்று கனி கையால் காட்டினான். அது சரியா என்று அவனுக்கே தெரியாது.

சிவனாண்டி குளத்துத் தண்ணீரைப் பார்த்தான். மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வந்துகொண்டிருந்தது. பிள்ளை கைநீட்டிக் காட்டியது. அவன் முகத்தில் கோபமும் இல்லை, கோபம் தணிந்த மாதிரியும் இல்லை. கணக்கில் ஒன்று இடிக்கிறது, திரும்பப் போட்டுப் பார்க்கிறான் என்கிற மாதிரி உதடு அசைந்தது.

"சரி" என்றான். "வாரேன் மாப்ள."

கூட்டத்துக்குள் போய்விட்டான். தங்கப்பொண்ணு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கனி சாதிகாவிடம் சொன்னான். "மாப்ளன்னு சொன்னாரா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த தைப்பூசத்துக்கும் அதே இடத்தில் கடை விரித்தான். சிவனாண்டி வரவில்லை. அதற்கடுத்த வருசமும் வரவில்லை. பேரையூர்க்காரர் ஒருவர் கைலி வாங்க வந்தபோது விசாரித்தான். மழை பொய்த்துப்போய்க் குடும்பத்தோடு குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் அவர். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை.